வாயில் நூல் இருந்தபோது

பரீதாவுக்கு வந்த கோபத்துக்கு, கையில் அந்த ஊசி மட்டும் இல்லையென்றால் யார் மண்டையையாவது உடைத்திருப்பாள். மண்டைகளும் வரிசையாக வந்துகொண்டுதான் இருந்தன. புருஷன் கமருஸ்ஸமான் பெரிய மார்க்கெட்டில் தன் கைலிக் கடையில் உட்கார்ந்த வாக்கில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மௌத்தானதிலிருந்து, முல்லா வீதி வீட்டுக்கு ஆறுதல் சொல்ல வந்தவர்களுக்குக் குறைவில்லை. எல்லோரும் சொன்னது ஒன்றேதான். "சபூர் செய் பரீதா." பொறுமையாம். அதைச் சொல்லிவிட்டு டீயில் சர்க்கரை தூக்கல் என்று குறை வேறு.

அவள் இத்தாவில் இருந்தாள். புருஷனை இழந்தவள் நாலு மாதத்துக்கு மேல் வீட்டோடு இருக்க வேண்டும், அந்நிய ஆண்கள் கண்ணில் படக்கூடாது. அது மார்க்கம், அதில் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. வெளியே போய் இனி யார் முகத்தைப் பார்க்கப் போகிறாள்? ஆனால் குரல்கூட வெளியே கேட்கக் கூடாது என்று அதற்கு மேல் ஒரு சட்டத்தைச் சேர்த்தது புருஷன் குடும்பம். கூடத்துக்கும் உள்ளறைக்கும் நடுவே ஒரு பச்சைத் திரையைத் தொங்கவிட்டார்கள். திரைக்கு அந்தப் பக்கம் ஆண்களின் பேச்சு, இந்தப் பக்கம் பரீதா.

மகள் ஹனீன்தான் பெட்டியைக் குடைந்து அந்தத் துணியை எடுத்தாள். பரீதா கான்வென்ட்டில் படித்தபோது சிஸ்டர் சொல்லிக்கொடுத்த கிராஸ் ஸ்டிட்ச். கட்டம் கட்டமாக நெய்த மேட்டித் துணியில் பாதியில் நின்ற ஒரு ரோஜாப்பூ.

"சும்மா சுவத்தையே பாத்துகினு இருக்காதம்மா. இதையாவது போடு."

எரிச்சலோடுதான் ஆரம்பித்தாள். கோபத்தில் நூலைச் சுண்டி இழுத்தாள், துணி சுருங்கிக்கொண்டது. பிரித்தாள். மறுபடி இழுத்தாள், மறுபடி சுருங்கியது. இந்தத் துணியிடம் முறைத்துக்கொண்டு ஒன்றும் நடக்காது என்று தெரிந்ததும் கையைத் தளர்த்தினாள். கட்டத்தை எண்ணி ஊசியை இறக்க வேண்டும், குறுக்கே ஏற்ற வேண்டும். எண்ணிக்கொண்டிருக்கும்போது வேறு எதையும் நினைக்க முடியாது. அது எவ்வளவு பெரிய உபகாரம் என்று துக்கத்தில் இருந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

புருஷன் கட்டிய கைலிகளில் நல்லதையெல்லாம் இல்லாதவர்களுக்குக் கொடுத்தாயிற்று. நைந்துபோனதை யார் கட்டுவார்கள்? அவற்றைச் சதுரம் சதுரமாக வெட்டினாள். ஒரு கைலித் துண்டு, ஒரு பூப்போட்ட மேட்டித் துண்டு என்று மாற்றி மாற்றிச் சேர்த்துத் தைத்தாள். நடுவில் ஒரு பழைய கம்பளி, அடியில் பெட்ஷீட், மூன்றையும் சேர்த்து ஓட்டுத்தையல். போர்வை வளர்ந்தது. அதன் ஓரத்தை மடியில் போட்டுக்கொண்டால்தான் அவளுக்கு இரண்டு வாய் சோறு இறங்கியது. கோபம் குறைந்ததா? எங்கே குறைந்தது! கைக்கு மட்டும் ஒரு நிதானம் வந்திருந்தது.

அந்த நிதானத்தில்தான் வந்தது வினை. ஒரு மத்தியானம் கொழுந்தன் ஸாகிபின் மனைவி ஃபரீஹா முதலியார்பேட்டையிலிருந்து ஆட்டோ பிடித்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுடைய அண்ணன் மகன் ஸைத் பிரான்ஸில் வேலையாக இருக்கிறானாம், ஆகஸ்ட் கடைசியில் லீவில் வருகிறானாம், அதற்குள் ஹனீனைப் பேசி முடித்துவிட வேண்டுமாம். பரீதா அப்போது போர்வையில் ஒரு ரோஜாவின் காம்பில் இருந்தாள். பல்லிடுக்கில் பச்சை நூல். வாயைத் திறந்தால் எண்ணிக்கை போய்விடும். எண்ணும்போது தலை தானாக ஆடுவது சின்ன வயதிலிருந்து அவளுக்குப் பழக்கம். ஃபரீஹா பேசியது காதில் விழுந்தது, மனதில் ஏறவே இல்லை.

சாயங்காலம் ஹனீன் கண்ணெல்லாம் சிவந்து வந்து நின்றாள்.

"காலேஜ் விட்டு உள்ள நுழைஞ்சதும் ஃபரீஹா சாச்சி என் வாயில சக்கரைய போட்டுட்டு போவுது. நீ சரின்னு தலையாட்டினியாமே?"

"நானா? எப்போடி?" கேட்கும்போதே பரீதாவுக்குப் புரிந்துவிட்டது. அடப்பாவி ஃபரீஹா, காம்பை எண்ணினதற்கா சக்கரை! போர்வையைச் சுருட்டி மூலையில் வீசினாள்.

"எனக்கு வேணாம்மா. நர்சிங் முடிக்காம கல்யாணப் பேச்சே எடுக்கக் கூடாதுன்னு அத்தா சொன்னாரு. இன்னும் ஒரு வருஷம்தான் இருக்கு."

பரீதா உடனே ஃபரீஹாவுக்குப் போன் போட்டாள். "எங்கண்ணன்கிட்ட சொல்லியாச்சு மச்சி. இப்ப மாத்தினா நான் எப்படி அவரு முகத்துல முழிப்பேன்? வெள்ளிக்கிழமை உறுதி பண்ண வராங்க" என்று ஃபரீஹா வைத்துவிட்டாள். ஸாகிபிடம் நேரே சொல்லலாமா? அண்ணியை வாய் நிறைய மச்சி என்று கூப்பிடுவான், அவள் பேசினால் கேட்கும் ஆளா அவன்? அண்ணன் இருந்தவரைக்கும் அந்தக் கூடத்தில் உட்காரக்கூட யோசித்தவன், இப்போது அண்ணன் நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டு உட்காருகிறான். பரீதா எழுந்து போய் மூலையில் கிடந்த போர்வையை எடுத்து உதறி, விட்ட இடத்தில் ஊசியை இறக்கினாள். இல்லாவிட்டால் அன்றைக்கு அவளுக்குப் பைத்தியமே பிடித்திருக்கும்.

வெள்ளிக்கிழமை சாயங்கால அசர் தொழுகைக்குப் பிறகு வருவதாகச் சொன்னவர்கள், வீராம்பட்டினம் தேர்க் கூட்டத்தில் மாட்டிக்கொண்டோம் என்று தாமதமாக வந்தார்கள். மாப்பிள்ளை வீட்டு ஆண்கள், கூடவே பள்ளிவாசல் நிர்வாகத்தைப் பார்க்கும் முத்தவல்லி, லட்டுத் தட்டு. திரைக்கு இந்தப் பக்கம் பரீதாவும் ஹனீனும். பரீதாவின் பல்லிடுக்கில் அன்றும் நூல். ஹனீனின் கை போர்வை ஓரத்தைப் பிடித்திருந்தது.

"அண்ணன் போனப்புறம் நான்தான் எல்லாத்துக்கும் பொறுப்பு" என்று ஸாகிப் ஆரம்பித்தான். "மச்சிக்கு முழு சம்மதம். உள்ள நிம்மதியா தையல் போட்டுகினு இருக்காங்க. மனசு ஆறிடுச்சு."

"இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டுடுப்பா" என்றார் முத்தவல்லி.

ஸாகிப் திரைப் பக்கம் லேசாகத் திரும்பினான். "மச்சி, சம்மதம்தானே?" மூச்சுவிடக்கூட நேரம் கொடுக்காமல் முத்தவல்லி பக்கம் திரும்பிவிட்டான். "பேசலன்னா சரின்னுதான் அர்த்தம். ஃபாத்திஹா ஓதி உறுதி பண்ணிடலாம்."

பரீதா நூலைத் துப்பினாள்.

"ஸாகிப்!"

கூடத்தில் லட்டுக்கு நீண்ட கை அப்படியே நின்றது.

"துக்க வீட்ல லட்டுத் தட்டோட வந்து உக்காந்திருக்கியே, வெக்கமா இல்ல? உங்கண்ணன் கைலில இன்னும் அவரு வாசனை போகல."

"மச்சி... இத்தாவுல இருக்கீங்க... குரலு..."

"குரலா? எம் பொண்ணோட வாழ்க்கையை நீ பேசி முடிப்ப, நான் ஊமையா குந்தியிருக்கணுமா? எந்தக் கிதாபுல எழுதியிருக்கு? முத்தவல்லி இங்கதானே இருக்காரு, சொல்லட்டும்."

முத்தவல்லி தொண்டையைச் செருமினார். "தேவைக்குப் பேசலாம்மா. தப்பில்ல." அப்பாடா, அந்தக் கூட்டத்தில் ஒருத்தருக்காவது நாக்கு நேராக இருந்தது.

"அப்ப கேட்டுக்குங்க. எனக்குச் சம்மதமில்ல. எம் பொண்ணையும் கேளுங்க, அவ வாயாலயே கேளுங்க."

ஹனீனுக்கு முதல் தடவை காற்றுதான் வந்தது. இரண்டாவது தடவை குரல் வந்தது. "எனக்கு வேணாம். நான் படிச்சு முடிக்கணும்."

"பொண்ணு வேணாம்னுட்டா அப்புறம் என்னப்பா பேச்சு? எழுந்திருங்க" என்றார் முத்தவல்லி. செருப்புகள் தேடப்பட்டன. லட்டுத் தட்டு வந்த வழியே போனது. ஸாகிப் மட்டும் திரைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தான்.

"இவ்ளோ நாளு அமைதியா உக்காந்து தைச்சுகினு இருந்தீங்களே மச்சி. இப்ப நாலு பேரு முன்னாடி இப்படி அசிங்கப்படுத்திட்டீங்களே."

"தைச்சுகினுதான் இருந்தேன். அமைதியா இருந்தேன்னு உனக்கு யாரு சொன்னது?"

அவன் கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனான். பரீதா துப்பிய நூலைத் தேடி எடுத்துக் கோக்கப் பார்த்தாள். கடித்த நுனி பிசிராகி ஊசிக் காதில் நுழையமாட்டேன் என்றது. ஹனீன் வாங்கிக் கோத்துக் கொடுத்தாள்.

"எத்தினியாவது கட்டத்துலம்மா விட்ட?"

"மறந்துபோச்சு. அந்த வரிசையைப் பிரி. மறுபடி போடலாம்."

பிரித்தார்கள். பரீதா போர்வையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு ஊசியை இறக்கினாள். இந்தத் தடவை பல்லிடுக்கில் நூலை வைக்கவில்லை. "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று திரையைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, முல்லா வீதியில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி வாய்விட்டு எண்ணினாள்.