டுக் என்றொரு சத்தம்

கேமராவின் எண் முப்பத்தாறைத் தாண்டியபோது லிஃப்டுக்காரருக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. பிலிம் சுருளின்மேல் முப்பத்தாறு படம் என்று போட்டிருந்தாலும், சில சுருள்களில் ஒன்றிரண்டு கூடுதலாக விழும் என்று அவருக்குத் தெரியும். முப்பத்தேழாவது, கடைக்காரர் போடும் கொசுறு. முப்பத்தெட்டாவது, கொசுறுக்கு மேல் கொசுறு. முப்பத்தொன்பதில் புருவம் லேசாக ஏறியது. நாற்பதாவது முறையும் கேமராவின் லீவர் வெண்ணெயில் விரல் இறங்குவதுபோல வழுக்கிக்கொண்டு போனபோது, மனிதருக்கு நின்ற இடத்திலேயே வேர்த்துக் கொட்டியது. அந்த வேர்வையைப் பிடித்து வைத்திருந்தால் பால்கனிச் செடிகளுக்கு ஒரு வாரம் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்திருக்காது.

ஜன்னலோரமாக உட்கார்ந்து, மறுநாள் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போக வேண்டிய துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள் மனைவி.

"என்னங்க, ஆச்சா?"

"ஆச்சு, ஆச்சு. இன்னும் ஒண்ணே ஒண்ணு."

"காலையிலேருந்து இதையேதான் சொல்றீங்க. உங்களுக்குக் கை வலிக்குதோ இல்லையோ, எனக்கு மூஞ்சி வலிக்குது."

அவர் ஓய்வு பெற்ற லிஃப்ட் பரிசோதகர். அவர் தலையசைக்காமல் அந்த நகரத்தில் ஒரு லிஃப்டும் ஓரங்குலம் மேலே ஏறியதில்லை, இறங்கியதுமில்லை. கம்பிவடத்தில் ஓர் இழை அறுந்திருந்தால்கூட வெறுங்கையால் தடவிக் கண்டுபிடித்துவிடுவார். கூட வந்த இளவட்டங்கள் கையுறை மாட்டிக்கொண்டு வந்தால், "கழட்டுப்பா அதை. கைக்குக் கண்ணைக் கட்டிட்டு என்னத்தைப் பாப்பே?" என்று சத்தம் போடுவார். கவலைப்படுவதற்கென்றே சம்பளம் கொடுத்த வேலை அது. ஓய்வு பெற்றதும் சம்பளம் நின்றது, கவலை நிற்கவில்லை. அது அவர் பின்னாலேயே வீட்டுக்கு வந்து, சோபாவில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டது. கேஸ் அடுப்பை மூடினோமா, வாசல் கதவு பூட்டினோமா, பூட்டினதைப் பார்த்தோமா, பார்த்ததாக நினைத்துக்கொண்டோமா என்று ஒரு நாளைக்கு நூறு தடவை எழுந்து உட்காரும்.

அந்தக் கவலைக்கு நடுவில்தான் கேமரா ஆசை முளைத்தது. அதற்குக் காரணமே மனைவியின் சிரிப்புதான். அவள் சிரிப்பு இடது உதட்டோரத்திலிருந்து புறப்படும். அந்த மூலை முதலில் மேலே ஏறும், ஒரு நொடி யோசிக்கும், பிறகுதான் மிச்ச முகத்துக்கு அனுமதி கொடுக்கும். அதைப் பார்த்துத்தான் தான் கவிழ்ந்துபோனதாக அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார். ஆனால் அந்தச் சிரிப்பு வீட்டில் ஒரு படத்திலும் இல்லை. போனைத் தூக்கினாலே அவள் கை வாய்க்குப் போய்விடும். தப்பித்தவறி ஒன்று விழுந்தாலும், "காட்டுங்க. ஐயய்யே, பல்லைப் பாரு. அழிங்க இதை" என்று அவளே விரலால் தட்டி அழித்துவிடுவாள். இப்படி அவள் அழித்த படங்களைத் திரும்பக் கொண்டுவந்து ஒட்டினால் இரண்டு தெருச் சுவர்கள் போதாது.

பிலிம் கேமராவில் அழிக்க முடியாது. இது ஒருநாள் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது அவருக்கு உதித்தது. உதித்தது உதித்தபடி விட்டிருக்கலாம். அவர் இடக்கைக்காரர். பள்ளிக்கூடத்தில் பீச்சாங்கை, ஆபீசில் பீச்சாங்கை சார் என்றே பேர் வாங்கியவர். உலகத்தில் உள்ள கத்தரிக்கோல், கதவுக் கைப்பிடி, கேமரா எல்லாம் தனக்கு எதிராகச் சதி செய்து வலக்கைக்காரர்களால் செய்யப்பட்டவை என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. ஆகவே கடையில் வாங்கவில்லை. எங்கேயோ ஒரு பட்டறையில், ஆளுக்கு ஏற்ற மாதிரி அளவெடுத்து, ஒவ்வொரு கேமராவாகக் கையாலேயே செய்து கொடுக்கும் ஒருவரைத் தேடிப் பிடித்தார்.

அந்தக் கேமராக்காரர் போனில் கேட்ட கேள்விகளை மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள். காலையில விரல் வீங்குமா சார்? கண்ணாடி போட்டுக்கிட்டு பாப்பீங்களா, கழட்டிட்டா? உள்ளங்கை வேர்க்குமா? களிமண்ணைப் பிடித்து அழுத்தி, கையின் அச்சையே பெட்டியில் வைத்து அனுப்பச் சொன்னார். கடைசியாக ஒரு கேள்வி: "பட்டனை அமுக்குனா என்ன சத்தம் வேணும் சார்?"

லிஃப்டுக்காரர் யோசிக்கவே இல்லை. "லிஃப்ட் கதவு சரியாப் பூட்டிக்கிச்சுன்னா ஒரு சத்தம் வரும். டுக்குனு. இழுக்காது, அதிராது. அந்தச் சத்தம் கேட்டாத்தான் நான் மூச்சே விடுவேன். அது வேணும்."

அந்தப் பக்கம் பேனாவைத் தேடும் சத்தம். "இன்னொரு தடவை சொல்லுங்க சார்."

"டுக்."

"டுக்."

"இல்ல, நீங்க சொல்றதுல ஒரு இழுப்பு இருக்கு. டுக்."

இரண்டு பெரிய மனிதர்கள் போனில் மாறி மாறி டுக் டுக் என்று சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டு, மனைவி மகளுக்குப் போன் போட்டாள். "உங்கப்பாவுக்கு ஏதோ ஆயிடுச்சுடி."

ஒரு வருடத்துக்கும் மேல் கழித்துக் கேமரா வந்தது. பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் பை, பைக்குள் இன்னொரு பெட்டி. எல்லாவற்றையும் திறந்து முடிப்பதற்குள் ஓய்வூதியமே நின்றுவிடும் போலிருந்தது. உள்ளே, கரும்பச்சைத் தோல் போர்த்திய பித்தளை உடம்போடு, அது குழந்தை மாதிரி படுத்திருந்தது. பட்டன் இடப்பக்கம், லீவர் இடப்பக்கம், பிலிமைத் திருப்பிச் சுற்றும் குமிழ் வலப்பக்கம். அவர் இடக்கை அதைப் பிடித்ததும், பல நாள் காணாமல் போயிருந்த சொந்தக் கையே திரும்ப வந்து ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. அமுக்கினார். டுக். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அதோடு சரி. அதை உபயோகிக்க மனம் வரவில்லை. கீறல் விழுந்துவிட்டால்? ரேகை படிந்துவிட்டால்? வெள்ளைப் பருத்திக் கையுறை ஒரு டஜன் வாங்கி வந்தார். அதை மாட்டிக்கொண்டு தினமும் பீரோவிலிருந்து எடுப்பார், பிலிம் இல்லாமல் நாலு டுக் கேட்பார், துடைப்பார், உள்ளே வைப்பார். "கைக்கொழந்தையைக்கூட இப்படிப் பாத்துக்கல நீங்க" என்பாள் மனைவி. "பிலிம் போட்டுப் படம் எடுங்களேன்" என்று அவளே ஒருநாள் சொன்னாள். வெளிச்சம் சரியில்லை என்றார். மறுநாள் காற்றில் ஈரம் என்றார்.

அப்புறம் அவளுக்கு இடது காதுக்குக் கீழே ஒரு கட்டி வந்தது.

கெட்ட கட்டி இல்லை என்றுதான் டாக்டர் சொன்னார். ஆனால் எடுத்தாக வேண்டும். முகத்தை அசைக்கும் நரம்பு அந்தக் கட்டியின் ஊடாகப் போகிறது. "பாத்துத்தான் எடுப்போம். இருந்தாலும் கொஞ்ச நாளைக்கு அந்தப் பக்கம் சிரிப்பு வராம இருக்கலாம். பல பேருக்குத் திரும்பி வந்துடும்." மிச்சப் பேருக்கு என்று லிஃப்டுக்காரர் கேட்கவில்லை. மனைவியும் கேட்கவில்லை. திரும்பி வரும்போது ஆட்டோவில் அவள் சொன்னது ஒன்றே ஒன்று: "நல்லவேளை, எடது பக்கம். வலது காதுலதான் நான் போன் பேசுவேன்."

ஆபரேஷனுக்கு முதல் நாள் காலையில் பீரோ திறந்தது. கையுறை மாட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, உள்ளேயிருந்த பளபளப்பில் நூலளவும் பட்டுவிடாமல், முதன்முதலாகப் பிலிமை மாட்டினார். நுனியை இழுத்து எதிர்ப்பக்க உருளையின் பிளவில் செருக வேண்டும். செருகினார். மூடினார். டுக். அன்று முழுவதும் அவள் போன இடமெல்லாம் பின்னாலேயே போனார். தலை வாரும்போது டுக். மகளோடு போன் பேசும்போது டுக். அவள் கையை வாய்க்குக் கொண்டுபோகும்போதெல்லாம் ஒரு படம் வீணாயிற்று என்று பல்லைக் கடித்தார். ஆனாலும் நாலைந்து இடத்தில் அந்த உதட்டோரம் ஏறியதை அவர் கண்ணால் பார்த்தார், விரலால் பிடித்தார். அவை உள்ளே இருக்கின்றன. இருந்தாக வேண்டும்.

இப்போது எண் நாற்பத்திரண்டு.

கேமராக்காரர் போனில் ஏதோ சொல்லியிருந்தார். குமிழின்மேல ஒரு வெள்ளைப் புள்ளி வெச்சிருக்கேன் சார், லீவரை இழுக்கும்போது... அதற்கு மேல் இவர் காதில் விழவில்லை. அந்த நேரத்தில் இவர் மழைக்காலத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்குமா என்ற கவலையில் மூழ்கியிருந்தார். லீவரை இழுக்கும்போது பிலிம் ஓடினால் புள்ளி சுற்ற வேண்டும். வேறென்ன சொல்லியிருப்பார்? காலையிலிருந்து அந்தக் குமிழை அவருடைய வலது உள்ளங்கை கையுறையோடு சேர்த்துப் பொத்திக்கொண்டிருந்தது.

கையுறையைக் கழற்றினார். லீவரை இழுத்தார். புள்ளி, கோபித்துக்கொண்ட மாமனாரைப் போல, இருந்த இடத்தில் அப்படியே இருந்தது.

திறந்து பார்த்துவிடலாம். வாழ்நாள் முழுக்கத் திறந்து பார்த்தவர்தான். ஆனால் புள்ளி பொய் சொல்லி, பிலிம் ஓடியிருந்தால்? திறந்த நொடியில் வெளிச்சம் உள்ளே பாய்ந்து எல்லாச் சிரிப்பையும் தின்றுவிடும். குமிழை விரலால் பிடித்து மெல்லத் திருப்பிப் பார்த்தார். பிலிம் இழுபட்டால் இறுகும். இறுகவில்லை. காலியான வாளியின் ராட்டினம் மாதிரி எடையே இல்லாமல் அசைந்து கொடுத்தது.

அவர் மெதுவாகப் போய், மனைவிக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்தார். முகத்தைப் பார்த்ததும் அவள் துணியைக் கீழே வைத்துவிட்டாள்.

"என்ன ஆச்சு? டாக்டர் போன் பண்ணாரா?"

"இல்ல. ஒண்ணும் விழல."

"என்ன விழல?"

"படம். ஒண்ணுமே விழல. பிலிம் மாட்டவே இல்ல. நுனி கழண்டு கெடந்திருக்கு. கையுறை போட்டுக்கிட்டு செருகுனேன், அதான்... மாட்டுச்சா இல்லையான்னு கைக்குத் தெரியல."

அவள் அவரைப் பார்த்தாள். கேமராவைப் பார்த்தாள். முழங்காலின்மேல் செத்த புறா மாதிரி கிடந்த வெள்ளைக் கையுறையைப் பார்த்தாள்.

"அப்ப காலையிலேருந்து?"

"சும்மா டுக்கு."

"குளிச்சிட்டு வந்து நின்னது?"

"சும்மா."

"மாடிப்படியில மூச்சு வாங்க மூணு தடவை ஏறி எறங்கச் சொன்னீங்களே?"

"அதுவும்."

அவர் கேமராவின் முதுகைத் திறந்து அவள் மடியில் வைத்தார். பிலிமின் நுனி, எந்தப் பாவமும் அறியாததுபோல, செருகிய இடத்துக்கு ஒரு நகக்கண் தள்ளி நின்றது. அவள் அது விழுந்துவிடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். குனிந்து உற்றுப் பார்த்தாள். இடது உதட்டோரம் ஏறியது. ஒரு நொடி யோசித்தது. பிறகு அவள் சிரித்தாள் பாருங்கள், அடுத்த வீட்டு நாய் குரைக்கும் அளவுக்கு, கீழ் வீட்டுக்காரர் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு அண்ணாந்து பார்க்கும் அளவுக்கு, தோள் குலுங்க, கண்ணில் நீர் வர. வாயை மறைக்கக் கை இல்லை. இரண்டு கையும் கேமராவில் இருந்தன.

அவர் கை காலியாக இருந்தது. வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார்.

சிரித்து ஓய்ந்ததும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் வெறுங்கையால் பிலிமைச் செருகி, நகத்தால் அழுத்தி, இழுத்துப் பார்த்து, மறுபடி இழுத்துப் பார்த்து மூடினார். லீவரைத் திருப்பினார். புள்ளி நகர்ந்தது.

"சுத்துது! இப்ப சிரி. ஒரே ஒரு தடவை."

"ஸ்டாக் தீந்துபோச்சு. நாளைக்கு வாங்க" என்றாள். சொல்லிவிட்டுத் துணியை எடுத்தாள். ஆனால் மடித்ததையே பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, துணியிடம் பேசுவதுபோலக் கேட்டாள்: "வரலைன்னா என்ன பண்ணுவீங்க?"

"எது?"

"அந்தப் பக்கம்."

ஊரிலுள்ள லிஃப்டுகள் அத்தனைக்கும் பதில் வைத்திருந்தவர், கேமராவின் தோலை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் காலை அவளை ஸ்ட்ரெச்சரில் கிடத்தி, கையில் ஊசி குத்தி ஒட்டி, ஆபரேஷன் நடக்கும் தளத்துக்குக் கொண்டுபோக லிஃப்ட் முன்னால் நிறுத்தினார்கள். அவர் கழுத்தில் கேமரா. காலையிலிருந்து அவள் சிரிக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. பச்சை உடையும் தலையில் கட்டிய துணியுமாக, அவள் முகம் சின்னதாகிவிட்டிருந்தது.

லிஃப்ட் வந்தது. "நீங்க படியில வாங்க சார். இதுல பேஷண்ட் மட்டும்தான்" என்றார் ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளியவர். லிஃப்டுக்காரர் தலையாட்டினார். ஆட்டிக்கொண்டே, தன்னை அறியாமல், கதவுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தார். கதவு ஓடும் தடத்தில் குப்பை சேர்ந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். உள்தளமும் வெளித்தளமும் சமமாக நிற்கின்றனவா என்று செருப்பு நுனியால் தடவிப் பார்த்தார்.

"என்னங்க." உள்ளேயிருந்து அவள் குரல். "என்னை அனுப்ப வந்தீங்களா, லிஃப்டைப் பாக்க வந்தீங்களா?"

அவர் நிமிர்ந்தார். அவள் தலையை இந்தப் பக்கம் திருப்பியிருந்தாள். உதட்டின் இடது ஓரம் ஏறத் தொடங்கியிருந்தது. ஊசி குத்திய கை தூக்க முடியாமல் கிடந்தது. இன்னொரு கை போர்வைக்குள்.

கேமரா கண்ணுக்கு வந்தது. வெறும் விரலுக்குப் பட்டன் தெரிந்தது. அந்த உதட்டோரம் ஒரு நொடி யோசித்தது. இரண்டு பக்கமிருந்தும் கதவு நகர ஆரம்பித்தது.

டுக்.

ஒரே ஒரு சத்தம்தான் கேட்டது. இழுக்கவில்லை, அதிரவில்லை. அது பட்டனா, கதவா, இரண்டும் சேர்ந்தா? அவர் காதுக்கே தெரியவில்லை.

மூடிய கதவில் கழுத்தில் கேமரா மாட்டிய ஒரு கிழவரின் மங்கலான உருவம் தெரிந்தது. அவர் லீவரைத் தொட்டார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு இழுத்தார். குமிழின்மேல் வெள்ளைப் புள்ளி மெல்லச் சுற்றியது. கதவுக்கு மேலே சிவப்பு எண் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தது.