பாட்டின் நடுவே ஓர் இருமல்

எலை டேனர், ஜோனஸ் பைக் என்ற இரண்டு பெயர்களையும் உமைர் தன் இசைத்தட்டு அலமாரியில் ஒரே பெயரட்டையில் எழுதி, ஒரே ஆளாக்கி வைத்திருந்தான். நூறு வருடத்துக்கு முன் அமெரிக்கத் தெற்கில் கிட்டாரும் கையுமாகத் திரிந்து ப்ளூஸ் பாடியவர்கள். டேனர் பாடியதில் நான்கு பாட்டு மிஞ்சியிருக்கிறது. பைக்கின் பெயரில் ஒன்றே ஒன்று. இப்படிப்பட்டவர்களின் பழைய தட்டுகளிலிருந்து மறுபதிப்பாக வரும் எல்பி இசைத்தட்டுகளை வாங்கிச் சேர்ப்பதுதான் உமைரின் பைத்தியம். கேட்டுக் கேட்டு அவன் முடிவுக்கு வந்திருந்தான்: அதே கீச்சுக் குரல், அதே கை. டேனர்தான் வேறு பெயரில் பாடியிருக்கிறார்.

டேனரை மறுபடி வெளியிடவிருந்த ஓர் அமெரிக்க நிறுவனத்துக்கு இதை எழுதிப்போட்டான். ஒப்புக்கொண்டார்கள். பைக்கின் பாட்டையும் சேர்த்து, கண்டுபிடித்தவர் உமைர் என்று உறையில் அச்சிடுவார்களாம். வெள்ளிக்கிழமைக்குள் அவன் உறுதிப்படுத்த வேண்டும்.

லிட்டில் இந்தியாவில் இசைத்தட்டு விற்கும் ரகுபதியிடம் பதிலைக் காட்டினான்.

“உறையில பேரா? இனிமே உனக்கு டிஸ்கவுண்ட் கிடையாதுலா. பெரிய ஆளாயிட்ட.”

“தப்பா இருந்தா என்னண்ணே பண்றது?”

“பேர் வரப்போற நேரத்துல கேக்குற கேள்வியா இது?”

வியாழன் மாலை, கிளமெண்டியில் இருக்கும் தன் வீட்டில், பைக்கின் பாட்டைக் கடைசியாக ஒருமுறை கேட்க உட்கார்ந்தான். வழக்கமாகக் கணினியில் கேட்பான். அதில் இருப்பது அவனே சுத்தம் செய்த பிரதி. இரைச்சலோடு, பாட்டின் நடுவே வரும் ஓர் இருமலையும் வெட்டியிருந்தான். அன்று கணினி அக்கா அஃப்ரீனிடம் இருந்ததால் எல்பியையே போட்டான்.

இருமல் வந்தது. அஃப்ரீன் நிமிர்ந்தாள்.

“என்னடா இது, மனுஷன் இருமுறானா, பூனை தும்முதா?”

“பாடுறவர்தான் லாத்தா, இருமுறார்.”

“இவ்ளோ ஸ்பீடாவா?” என்று அதேபோல் இருமிக் காட்டப் பார்த்தாள். முடியவில்லை. அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

உமைர் சிரிக்கவில்லை. அந்தக் காலத்தில் எல்லாத் தட்டும் ஒரே வேகத்தில் பதிவாகவில்லை. மறுபதிப்பில் வேகம் கூடிப்போனால் குரலும் உயர்ந்துவிடும். இது அவனுக்குத் தெரியாததல்ல. தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிளின் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தான். பூனை போய் மனிதர் இருமினார். ஆனால் தொடர்ந்து பாடியது டேனர் இல்லை. கனத்த, அவசரமில்லாத குரல். டேனரையும் அதே அளவு குறைத்துப் பார்த்தான். தூக்கத்தில் உளறுவதுபோல் இருந்தது. டேனரின் கீச்சு அவருடைய சொந்தக் குரல்தான்.

“வேற ஆளா?” என்றாள் அஃப்ரீன்.

“வேற ஆள்.”

“அப்ப உன் பேரு வராதா? பேசாம இருந்துடேன். யாருக்குத் தெரியப்போகுது?”

“நீ கேட்டுட்டியே லாத்தா.”

கணினியை வாங்கி, இருவரும் ஒருவரல்ல என்றும் இருமலைக் கேட்டுப் பார்க்கும்படியும் நிறுவனத்துக்கு எழுதி அனுப்பினான். பிறகு அலமாரியில் இரண்டு பெயரும் இருந்த அட்டையை உருவிப் பைக்கின் பெயரை அடித்தான். பைக்குக்குப் புதிதாக ஓர் அட்டை வெட்டினான். அதன் பின்னால் வைக்க ஒரே ஒரு எல்பிதான் இருந்தது.