மச்சானுக்குக் கொடுத்தனுப்பிய மூளை

ஞாயிற்றுக்கிழமை தவறாமல், என் கறிக்கடையில் முதல் ஆட்டை உரித்ததும் மூளையைத் தனியாக எடுத்து அக்கா சந்திரலேகா வீட்டுக்குக் கொடுத்தனுப்புவேன். மிளகு தூக்கலாகப் போட்ட மூளை வறுவல் என்றால் மச்சான் வேல்பாண்டிக்கு உயிர். அந்த மனுஷன் தை மாதம் எங்கள் ஊர் கல்லலில் தன் வயலுக்கே வழி தெரியாமல் நின்றார். பங்குனிக்குள் நடை போனது, பேச்சு போனது, கை கால் தன்பாட்டுக்குத் துள்ளியது. மூளையை அரிக்கும் நோய், பிழைக்க மாட்டார் என்று மதுரையில் சொல்லிவிட்டார்கள்.

ஊருக்குச் சொல்லவா வேண்டும்! மூளையைத் தின்றவனுக்கு மூளை போச்சு என்று தீர்ப்பே எழுதிவிட்டார்கள். ஊர் வாயை விடுங்கள். அக்கா என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். அதைத்தான் தாங்க முடியவில்லை. கத்தியைக் கையில் எடுக்கும்போதெல்லாம், நானே மச்சானைக் கொன்றுவிட்டேனோ என்ற நினைப்புதான்.

மதுரைக்குப் பஸ் ஏறிப் போய் மச்சானைப் பார்த்த டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்தேன்.

"என் ஆட்டுல இருந்த கிருமியாம்மா? மறைக்காமச் சொல்லுவீகளா?"

"கிருமியே இல்லைங்க. 'பிரியான்'னு ஒரு புரதம். எல்லார் மூளையிலயும் நல்லபடியா இருக்கறதுதான். ஒண்ணு மடிப்பு மாறிப்போனா, பக்கத்துல இருக்கறதையும் தன்னை மாதிரியே மடிச்சு விட்டுடும்."

"அதுக்கு உசுரு இருக்கா?"

"இல்லை."

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. உயிரே இல்லாதது எப்படிப் பெருகும்? "ஒரு தறுதலை சேந்தா கூட்டத்தையே கெடுக்குமே, அப்படியா?" என்றேன். கிட்டத்தட்ட அப்படித்தான் என்று சிரித்தார். வேகவைத்தால் சாகாதா என்றேன். உயிர் இருந்தால்தானே சாவதற்கு என்றார். வந்த காரியத்தை மறந்து கேட்டுக்கொண்டே போனேன். வெளியே காத்திருந்தவர்கள் என்னைச் சபித்திருப்பார்கள்.

கடைசியில்தான் அதைக் கேட்க வாய் வந்தது. "அப்ப என் ஆடு?"

"வெளிநாட்டுல நோய் வந்த மாட்டுக்கறியால சிலருக்கு வந்திருக்கு, அது வேற வகை. ஆட்டால மனுஷருக்கு வந்ததா ஆதாரம் இல்லை. உங்க மச்சானுக்குப் பரம்பரை நோயும் இல்லை, டெஸ்ட் பண்ணிட்டோம். தானா வந்திருக்கு. ஏன்னு எங்களுக்கும் தெரியாது."

தலைச்சுமையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. நேரே அக்கா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மச்சான் கட்டிலில் கண்ணைத் திறந்தபடி கிடந்தார். அக்கா நிம்மதி அடைவாள் என்றுதான் நினைத்தேன்.

"ஏன்டா முத்தரசு, இதை வந்து சொன்னே?" என்றாள். "உன்னாலதான்னு மனசுக்குள்ள திட்டிக்கிட்டாச்சும் கெடந்தேன். இனி நான் யாரைடா திட்டுவேன்?"

அதற்கு டாக்டரம்மாவிடமும் மருந்து இருந்திருக்காது.

"என்னையவே திட்டுக்கா," என்றேன்.

என் சட்டையைப் பிடித்து உலுக்கி, அக்கம்பக்கம் எட்டிப் பார்க்கிற அளவுக்குத் திட்டினாள். அவள் கை ஓயும்வரை நின்று வாங்கிக்கொண்டேன்.