பொன்னுத்தாயி எடுத்துக்கொண்ட படம்

கஞ்சிக் கரண்டியை அம்மாவின் வாயருகே புஷ்பவள்ளி கொண்டுபோனபோது வாசல் நிலையில் ஏதோ இடித்தது. கட்டிலில் சாய்ந்திருந்த பொன்னுத்தாயி கண்ணைத் திறந்தாள்.

"யாருடி அது?"

புஷ்பவள்ளி எட்டிப் பார்த்தாள். கல்லுக்கட்டிக் கடைத்தெருவில் போட்டோக் கடை வைத்திருக்கும் சேக் பரீது, தோளில் காமிராவும் கையில் அதன் மூன்று கால் ஸ்டாண்டுமாக நின்றான். உள்ளே பேச்சுக்குரல் கேட்டதும் அவன் முகம் வெளிறிவிட்டது.

அண்ணன் பொன்னழகு செய்த வேலை. விடியும்வரை தாங்காது என்று நேற்று டாக்டர் கைவிரித்ததும், இறந்தவர்களை நாற்காலியில் உட்காரவைத்து மாலை போட்டு எடுக்கும் படத்துக்கு அவன் சொல்லி வைத்துவிட்டான். பரீதுக்கு மத்தியானம் கோவிலூரில் ஒரு கல்யாணத்தைப் படமெடுக்கும் வேலை. அதனால் காலையிலேயே வந்துவிட்டான்.

அப்பா கருத்தையா முந்திக்கொண்டார். "முனிசிபாலிட்டி ஆளு. தண்ணி வரிக்கு வந்திருக்காக."

"வரி வாங்க மூணு காலோடயா வாராக?"

நிலைக்கு உள்ளே நீட்டிக்கொண்டிருந்த ஸ்டாண்டைப் பொன்னுத்தாயி பார்த்துவிட்டாள். பொன்னழகு கொல்லைப்பக்கம் நழுவினான்.

"உள்ள வா தம்பி," என்றாள் பொன்னுத்தாயி.

"நான் பெறகு வாரேன் ஆத்தா."

"பெறகு வந்து என்னத்த எடுப்ப? மேலவீட்டுக்காரிய எடுத்தாகளே, நாடியத் துணியால கட்டி, முதுகுக்குப் பலகை குடுத்து. அந்தக் கோலத்துல எம் பேரம்பேத்திக என்னையப் பாக்க வேணாம். இப்பவே எடு."

"ஒண்ணும் வேணாம்!" கருத்தையாவின் குரல் உயர்ந்தது. "எந்திரிச்சு நடமாடு. நானே கடைக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன்."

கல்யாணமான புதிதில் ஒருமுறை சேர்ந்து படம் எடுத்துக்கொள்ளக் கூப்பிட்டிருந்தார். பிள்ளையார்பட்டிச் சதுர்த்திக்குப் போனபோது இன்னொரு முறை. படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்று அவள் மறுத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவர் கேட்டதில்லை.

"ஆயுசுக்குப் பயந்துதான அப்ப வரல? இனிக் கொறைய என்ன இருக்கு? நீங்களும் வந்து பக்கத்துல ஒக்காருங்க."

கருத்தையா அறைக்குள் போனார். வெகுநேரம் கழித்து வெள்ளைச் சட்டையோடு வந்தார். பொத்தான்கள் துளை மாறிப் பூட்டியிருந்தன. புஷ்பவள்ளி பார்த்தும் சொல்லவில்லை.

முற்றத்து வெளிச்சத்தில் இரண்டு நாற்காலிகள் போட்டார்கள். அம்மாவைத் தூக்கி உட்காரவைத்தபோது துணி மூட்டை அளவுக்குக்கூடக் கனமில்லை. முதுகு நிற்கவில்லை. புஷ்பவள்ளி நாற்காலிக்குப் பின்னால் குந்தி, அம்மாவின் முந்தானைக்கு அடியில் கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டாள். கருத்தையா ஒரு முழம் தள்ளி விறைப்பாக உட்கார்ந்தார்.

"நெருங்கி ஒக்காருங்க அய்யா," என்றான் பரீது, காமிராவை மூடிய கறுப்புத் துணிக்குள்ளிருந்து.

அவர் நாற்காலியை இரண்டு விரற்கடை நகர்த்தினார்.

"ஆத்தா, மூச்ச அடக்கிக்கங்க."

புஷ்பவள்ளியின் உள்ளங்கைக்குள் அம்மாவின் விலாவெலும்புகள் அசைவற்று நின்றன. அவளுக்கு முற்றத்தின் செங்கல் தரை மட்டும்தான் தெரிந்தது. ஒரு காக்கை கத்தியது. அவளும் மூச்சு விடவில்லை.

"ஆச்சு," என்றான் பரீது.

எலும்புகள் மெல்ல விரிந்து சுருங்கின. அதற்குப் பிறகுதான் புஷ்பவள்ளியின் மணிக்கட்டு வலித்தது.

பகல் மூன்று மணிக்குப் பொன்னுத்தாயி போய்ச் சேர்ந்தாள். தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோலத் தலை ஒருபக்கம் சாய்ந்தது, அவ்வளவுதான்.

அந்தியில் நாச்சியாபுரத்திலிருந்து வந்த மாமா முத்துக்கருப்பன், அழுகை ஓய்ந்ததும் பந்தலடியில் கேட்டார். "போட்டோக்காரனுக்குச் சொல்லலையா?"

பொன்னழகு தலையைக் குனிந்துகொண்டான்.

"எடுத்தாச்சு," என்றார் கருத்தையா.

"எப்ப எடுத்தீக?"

கருத்தையா எழுந்து உள்ளே போனார். பெண்கள் சூழ்ந்திருந்த இடத்தில் ஆண்கள் போய் உட்காரும் வழக்கமில்லை. அவரைக் கண்டதும் ஒருத்தி பின் ஒருத்தியாக நகர்ந்தார்கள். அவர் பொன்னுத்தாயியின் தோளை ஒட்டித் தரையில் உட்கார்ந்தார். மாலையோடு வந்தவர்கள் வழிவிடச் சொன்னார்கள். அவர் நகரவில்லை.