தொட்டியில் நாற்பது வீதம்

வங்கி முகாமையாளராக இருந்து ஓய்வுபெற்ற கிருபாகரன், வீட்டிலிருக்கத் தொடங்கிய சில வாரங்களிலேயே குசினியைத் தணிக்கை செய்ய ஆரம்பித்துவிட்டார். சீரகப் போத்தல் ஏன் மல்லிப் போத்தலுக்குப் பின்னால் நிற்கிறது, ஒரு தேயிலைப் பைக்கற் முடியுமுன் இன்னொன்று ஏன் உடைக்கப்பட்டது என்றெல்லாம் கேள்விகள் எழுந்தன. மனைவி சுபாஷினி வெள்ளவத்தைத் தொடர்மாடியில் அந்த வீட்டிலேயே பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பிப்பவர். ஒரு நாள் வகுப்பு நடுவே மனிதர் வந்து நின்று, ஒரு பையனின் கொப்பியில் ஓரம் விடாததைக் கண்டித்துவிட்டுப் போனார். அன்று மாலையே சுபாஷினி முகநூலில் ஒரு விளம்பரத்தைக் கண்டார். காலிமுகத்திடலுக்குப் பக்கத்து ஹோட்டலில் இணையத் தொழில்நுட்ப மாநாடு; முதல் நாள் அனுமதி இலவசம். கணவரிடம் கேட்காமலே அவரைப் பதிந்தார். நிறுவனத்தின் பெயர் கேட்ட இடத்தில் ‘கிருபா அன்ட் கோ’ என்று அடித்தார். பதவிக்கு இருந்த தெரிவுகளில் பார்வைக்கு நல்லதாய் இருந்த ஒன்றைத் தொட்டார்.

இப்படித்தான் கிருபாகரனின் கழுத்தில் ‘ஸ்தாபகர்’ என்று ஆங்கிலத்தில் எழுதிய அட்டை வந்து தொங்கியது.

மண்டபத்தில் குளிர் எலும்புக்குள் இறங்கியது. சுற்றிவர இருந்தவர்கள் எல்லோரும் சப்பாத்துக்கு மேலே கணுக்கால் தெரிய நிற்கிற இளைஞர்கள். கழுத்துப்பட்டி கட்டி வந்தவர் கிருபாகரன் மட்டும்தான் என்பதால், இரண்டு பேர் அவரை முதலீட்டாளர் என்று நினைத்துத் தேத்தண்ணீர் எடுத்து வந்து கொடுத்தார்கள். அவர் மறுக்கவில்லை. மேடையில் ஏறிய ஒருவர், வாடிக்கையாளரின் வலி எங்கே இருக்கிறதென்று தேடுங்கள், வலி இருக்கும் இடத்தில்தான் வியாபாரம் இருக்கிறது என்று மூன்று விதமாய்ச் சொன்னார். கிருபாகரன் மூன்று தரமும் தலையாட்டினார்.

வெளியே காட்சிக் கூடத்தில் றுஷ்னா என்ற பெண் ஒரு சின்ன மேசைக்குப் பின்னால் தனியே நின்றாள். பொறியியல் படித்துவிட்டு மருதானையில் ஒரு அறையெடுத்து, தண்ணீர்த் தொட்டியின் மட்டத்தைக் கைபேசிக்குச் சொல்கிற கருவி செய்கிறாளாம். மேசையில் ஒரு வாளி, வாளிக்குள் தண்ணீர், வாளியின் விளிம்பில் ஒரு கறுப்புப் பெட்டி. கிருபாகரன் மரியாதைக்கு அவளது அட்டையை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

கழுத்து அட்டையைக் கழற்ற மறந்தோ மறக்காமலோ, நூறாம் நம்பர் பஸ்ஸில் ஸ்தாபகராகவே வெள்ளவத்தைக்கு வந்து இறங்கினார்.

“சுபா, உலகம் எங்கயோ போட்டுது. நாங்கள் இஞ்ச நிக்கிறம்.”

“அது சரி, சாப்பிட்டனீங்களோ?”

“வலியைத் தேட வேணும் எண்டு சொன்னவங்கள்.”

“எந்த வலியை?”

“சனத்தின்ர வலியை. அங்கதான் பிஸ்னஸ் இருக்குதாம்.”

“அப்ப நீங்கள் பொரளைப் பெரியாஸ்பத்திரிக்கெல்லோ போயிருக்க வேணும்,” என்றார் சுபாஷினி.

மறுநாள் காலையிலிருந்து அவர் லிப்டில் ஏறுகிறவர்களிடமெல்லாம் வலி எங்கே என்று விசாரித்தார். ஐந்தாம் மாடி அம்மா முழங்காலைக் காட்டினார். தொடர்மாடிக் கொமிட்டியின் தலைவர் பௌஸி, புறக்கோட்டையில் புடவைக்கடை வைத்திருப்பவர், இரண்டு மாடி தாண்டும்வரை யோசித்தார்.

“முதுகுல தான் மிஸ்டர் கிருபா. ராவைக்குப் படுக்க ஏலா. ஏன், ஒங்களுக்கு நல்ல டொக்டர் யாரும் தெரியுமா?”

வியாபாரம் எங்கும் அகப்படாமல் ஒரு கிழமை போனது. பிறகு ஒரு காலையில், தலையிலிருந்து கால்வரை சவர்க்காரம் பூசிக்கொண்டு நின்றபோது, குழாய் இருமியது. இன்னொரு தரம் இருமி, கொஞ்சம் காற்றை விட்டுவிட்டு ஓய்ந்தது. மொட்டைமாடித் தொட்டி காலி. மாதத்தில் இரண்டு தரமாவது நடக்கிற விஷயம்தான். காவலாளி முத்துலிங்கம் ஏணியில் ஏறி மூடியைத் திறந்து பார்த்தால்தான் எவ்வளவு தண்ணீர் இருக்கிறதென்று யாருக்கும் தெரியும். அவரும் வாசலை விட்டு அடிக்கடி ஏற முடியாது.

“சுபா!” என்று குளியலறைக்குள்ளிருந்து சத்தம் வந்தது. “வலி கிடைச்சிட்டுது!”

சுபாஷினி பதறியடித்து ஓடிவந்தார். விளக்கம் கேட்டபின், குடிதண்ணீர்ப் போத்தலைக் கதவிடுக்கால் நீட்டிவிட்டுப் போனார்.

அட்டையிலிருந்த நம்பருக்கு அழைத்ததும் றுஷ்னா அடுத்த சனிக்கிழமையே வந்தாள். மொட்டைமாடிக்கு ஏறி, தொட்டியைச் சுற்றிப் பார்த்தாள்.

“அங்கிள், மொதல்ல மோட்டர் தானா ஓடுற மாதிரி வைப்போமே. தண்ணி பாதிக்கு எறங்கினா கீழ்த் தொட்டியிலருந்து தானா ஏத்தும். அதுக்கு வேற பெட்டி ஒண்டு ஈக்கி.”

“இல்லைப் பிள்ளை. முதல்ல சனத்துக்குத் தகவல். தகவல்தான் சக்தி. மாநாட்டிலயும் அதைத்தானே சொன்னவை?”

அவள் சரி என்று தலையசைத்து, பையிலிருந்து கறுப்புப் பெட்டியை மட்டும் எடுத்தாள். அன்று மாலையிலிருந்து தொடர்மாடியின் வட்ஸ்அப் குழுவுக்கு மணிக்கொரு தரம் செய்தி வந்தது. தொட்டியில் எழுபது வீதம். தொட்டியில் அறுபத்தைந்து வீதம். பௌஸி கைதட்டும் படம் போட்டார். ஐந்தாம் மாடி அம்மா கும்பிடும் படம் போட்டார். கிருபாகரன் பின்னேரங்களில் கடற்கரைத் தண்டவாளப் பக்கம் நடக்கப் போனால் கடலைப் பார்ப்பதில்லை. தெருவின் இரு பக்கமும் அண்ணாந்து, எந்தக் கட்டடத்தில் எத்தனை தொட்டி என்று பார்த்தபடி நடந்தார். வெள்ளவத்தை முடிந்தால் பம்பலப்பிட்டி. அதன் பிறகு கொட்டாஞ்சேனை. ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் சென்னையும் வந்தது.

“சென்னைக்குப் போகேக்க என்னையும் கூட்டிக்கொண்டு போங்கோ. சாறி எடுக்க வேணும்,” என்றார் சுபாஷினி.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் தெருக்குழாய்த் தண்ணீர் மெல்லியதாய்த்தான் வந்தது. கீழ்த் தொட்டி நிறையப் பின்னேரமாகும் என்று முத்துலிங்கம் சொன்னார். அவசரமில்லை, மேலே இருப்பது பின்னேரம்வரை தாராளமாய்ப் போதும். அந்த நேரத்தில் எல்லாக் கைபேசிகளும் ஒன்றாக ஒலித்தன. தொட்டியில் நாற்பது வீதம்.

கிருபாகரன் வாசித்தார்.

“சுபா, எதுக்கும் ஒரு வாளியை நிரப்பி வையுமன்.”

“நான் நாப்பத்தைஞ்சிலயே நிரப்பிட்டன்,” என்றது குசினியிலிருந்து வந்த குரல்.

எல்லா வீட்டிலும் இதே பேச்சுத்தான் நடந்திருக்க வேண்டும். சுவருக்குள் ஓடும் குழாய்கள் அன்று கூட்டமாய் இரைந்தன. பௌஸி வீட்டில் பெருநாளைக்கு மட்டும் எடுக்கிற புரியாணிச் சட்டி குளியலறைக்குப் போனது. ஐந்தாம் மாடி அம்மா முழங்காலை மறந்து பூச்சாடிகளைக்கூட நிரப்பினார். அடுத்த செய்தி இருபது என்றது. அதைக் கண்டதும் நிரப்பாதவர்களும் நிரப்பினார்கள். அதற்கடுத்தது மூன்று. பிறகு குழாய்கள் ஒவ்வொரு மாடியாக இருமிக்கொண்டு ஓய்ந்தன.

கார் நிறுத்துமிடத்தில் கொமிட்டி கூடியது. பள்ளிவாசலுக்கு வெளிக்கிட்டு நின்ற பௌஸி, புரியாணிச் சட்டியிலிருந்து கோப்பையால் அள்ளிக் கைகால் கழுவி ஒழுச் செய்துவிட்டு வந்த கோபத்தில் இருந்தார்.

“மிஸ்டர் கிருபா, முந்தி தண்ணி ஈக்கா இல்லையாண்டு ஒருத்தருக்கும் தெரியா. ஆனா தண்ணி இருந்திச்சி. இப்ப எல்லாருக்கும் எல்லாம் தெரியும். தண்ணி தான் இல்ல.”

கிருபாகரனுக்கு முகம் சுருங்கிவிட்டது. எல்லா வீட்டிலும் வாளி வாளியாய்த் தண்ணீர் நிற்கிறது. தொட்டியில் மட்டும் இல்லை. இதை அவர் முன்பே பார்த்திருக்கிறார். இளம் காசாளராக இருந்த காலத்தில், வங்கி மூடப்போகிறதென்று யாரோ கிளப்பிவிட்ட கதையை நம்பி, தெருமுனைவரை சனம் வரிசையில் நின்றது. மூடுகிற யோசனையே இல்லாத வங்கி, அந்த வரிசையாலேயே மூடப் பார்த்தது. இத்தனை வருடம் வங்கியில் இருந்துவிட்டு, சொந்தக் கட்டடத்தில் தானே அப்படியொரு வரிசையை உண்டாக்கிவிட்டோமே என்று நினைக்க வெட்கமாயிருந்தது.

வீட்டுக்குள் வந்து றுஷ்னாவை அழைத்தார்.

“பிள்ளை, நீர் சொன்ன அந்த மற்றப் பெட்டி…”

“பேக்ல தான் ஈக்கி அங்கிள். அண்டைக்கே கொண்டு வந்தேன்,” என்றாள் அவள்.

மோட்டார் தானாக ஓடத் தொடங்கியது. செய்திகள் முத்துலிங்கத்தின் கைபேசிக்கு மட்டும் போயின. அடுத்த மாதம் முழுக்க ஒரு குழாயும் இருமவில்லை. ஆகவே ஒருவரும் கிருபாகரனுக்குக் கைதட்டவுமில்லை. சென்னை சாப்பாட்டு மேசைக்கு வருவது நின்றது.

இந்த நேரத்தில்தான் றுஷ்னா திரும்ப அழைத்தாள். எந்தக் கொமிட்டிக்குப் போனாலும் முதல் கேள்வியே, ‘மகள், பெரியாக்கள் யாரும் வரல்லையா?’ என்பதுதானாம்.

“அங்கிள், என்னோட வேலைக்கு வாறீங்களா? கொமிட்டிக்காரங்களோட நீங்க கதைச்சா போதும்.”

ஸ்தாபகர் கழுத்து அட்டையை எடுத்து அலுமாரிக்குள் வைத்தார். பின்னேரம் சுபாஷினியிடம் மெதுவாய்ச் சொன்னார்.

“எனக்கு வேலை கிடைச்சிருக்கு.”

“ஆற்ற கொம்பனி?”

“அந்தப் பிள்ளையின்ர.”

சுபாஷினி சிரிக்கவில்லை. அலுமாரியைத் திறந்து, நீலச் சட்டையை எடுத்து இஸ்திரி மேசையில் மினுக்கப் போட்டார்.

முதல் வேலை கொட்டாஞ்சேனையில், துறைமுகத்துப் பாரந்தூக்கிகள் தெரிகிற ஒரு தொடர்மாடியில். கிருபாகரன் இரண்டு நாளாய்ப் பாடமாக்கிய உரையை, கொமிட்டியின் முகங்களைக் கண்டதும் மறந்துபோனார். வேறு வழியில்லாமல் நடந்ததைச் சொன்னார்: சவர்க்காரம், நாற்பது வீதம், புரியாணிச் சட்டி எல்லாம். ஓய்வுபெற்ற தாதியான செயலாளர் பிறிஜெற், இறுகிய முகத்தோடு கேட்டார்.

“உங்கட வீட்டிலயும் நிரப்பினீங்களா?”

“முதல் வாளியே எங்கடதுதான்.”

முதலில் சிரித்தது பிறிஜெற். பிறகு எல்லோரும் சிரித்து முடிய, கருவி வைப்பதென்று முடிவாகிவிட்டது.

மொட்டைமாடியில் றுஷ்னா ஏணியில் நின்று தொட்டியை அளந்துகொண்டிருந்தாள். கிருபாகரன் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறிஜெற் அவருக்குக் கிட்டே வந்து, பின்னால் யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

“வோச்மனுக்கு மட்டும்தான் மெசேஜ் வரும் எண்டீங்க. எனக்கும் வர வைக்கலாம்தானே? செக்ரட்டரி எண்டபடியால் கேக்கிறன். ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன்.”

“வாளி நிரப்புவீங்களோ?”

“சீச்சீ. நான் ஏன் நிரப்புறன்?”

பிறிஜெற் தன் நம்பரை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கினார். கிருபாகரன் துண்டை மேலே நீட்டினார். றுஷ்னா வாங்கிப் பார்த்தாள்.

“போடவா அங்கிள்?”

“போடாதையும் பிள்ளை,” என்றார் கிருபாகரன்.