தளபதிக்குப் பொன்னாடை

என் கணவர் யோனுக்கு ஒரு வியாதி. மேடையைக் கண்டால் ஏறிவிடுவார். பாரிஸில் எங்கடை சனம் கூடுகிற லா ஷப்பலில் அரங்கேற்றம், புத்தக வெளியீடு, கால்பந்துப் பரிசளிப்பு, எது நடந்தாலும் இடையில் ஏறி, யாராவது ஒருவருடைய தோளில் பொன்னாடையைப் போர்த்தி, ஒலிவாங்கியையும் பிடித்துக்கொண்டு "இந்தப் பொன்னான தருணத்திலை" என்று தொடங்குவார். ஒருமுறை ஒலிபெருக்கி திருத்த வந்தவருக்கே போர்த்திவிட்டார். அந்த மனிதர் வயரைக் கையில் வைத்துக்கொண்டு பேயறைந்தவர்போல நின்றார்.

ஆகவே மதாம் பான் தன்னுடைய நாடகத்துக்கு எங்களை அழைத்திருக்கிறார் என்று மகள் ஆரெலி சொன்னதும் நான் முதலில் யோனைத்தான் திரும்பிப் பார்த்தேன்.

மதாம் பான் என்பவர் ஆரெலி விரும்பும் ஜூலியனுடைய தாய். சீனாவில் வென்சோ என்ற ஊரிலிருந்து வந்து பெல்வீலில் கைப்பைக் கடை வைத்திருக்கிறார். பகலில் வியாபாரம், ஓய்வில் சீன இசைநாடகம். கலியாணப் பேச்சை எடுத்தபோது அவர் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "முதலில் அவர்கள் வந்து என் நாடகத்தைப் பார்க்கட்டும், பிறகு கதைப்போம்" என்றாராம். ஜூலியன் தாய்சொல் தட்டாதவன். அந்த மனுசி சம்மதிக்காவிட்டால் கலியாணம் இல்லை. என் பிள்ளை அந்தக் கவலையிலேயே மெலிந்துபோனாள்.

"பப்பாவை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்" என்று பிரெஞ்சில் கெஞ்சினாள். அதெப்படி, சம்பந்தியைப் பார்க்கப் போகிற இடத்துக்குத் தகப்பன் இல்லாமல் போவது?

"இஞ்சேருங்கோ, இண்டைக்கு நீங்கள் மேடைப் பக்கம் தலைவைச்சும் படுக்கக் கூடாது. மடு மாதா மேலை சத்தியம் பண்ணுங்கோ" என்றேன்.

"ஏறமாட்டன் எண்டால் ஏறமாட்டன். அதுக்கேன் மாதாவை இழுக்கிறீர்?"

நானும் விடவில்லை, அவருடைய பையைக் கொட்டிப் பார்த்தேன். குடையும் தலையிடிக் குளிசையும்தான் இருந்தன. அந்த வெக்கையிலும் கோட்டின் பொத்தான்களை எல்லாம் பூட்டிக்கொண்டு வந்தாரே, அதை ஏன் என்று கேட்க என் புத்திக்கு எட்டவில்லை.

இரண்டாம் இலக்க மெத்ரோவில் பெல்வீலுக்குப் போனோம். பழைய காலத்துத் தியேட்டர். சுவரில் சிறகு முளைத்த, மூக்குடைந்த சம்மனசுகள், பஞ்சு பிதுங்கிய சிவப்பு இருக்கைகள். உள்ளே போனால் எங்களுடைய திருவிழா இரவுபோல இருந்தது. சனம் சூரியகாந்தி விதை கொறித்தபடி கதைத்துக்கொண்டிருந்தது. ஜூலியன் எங்களுக்கு நடுவில் இருந்து பிரெஞ்சில் விளக்கம் சொன்னான். அவர்களுடைய ஊரில் நாடக மேடை சாமி கோயிலைப் பார்த்தபடிதான் கட்டப்பட்டிருக்குமாம். நாடகம் சாமிக்கு, சனம் இடையில் நின்று பார்த்துக்கொள்ளும்.

"எங்கடை அந்தோனியார் கோயிலிலையும் உப்பிடித்தானே மேடை போடுறவை" என்றார் யோன். அவர் முகம் மலர்ந்தது எனக்குப் பிடிக்கவில்லை.

தாளம் முழங்கியது, குசினியில் தட்டு முட்டெல்லாம் சரிந்து விழுந்ததுபோல. ஒரு பெண் தளபதி வந்தார். முகம் முழுக்க வெள்ளையும் சிவப்புமாகப் பூச்சு, முதுகில் நாலு கொடி, தலையில் ஆளுயரத்துக்கு இரண்டு இறகு.

"அதுதான் அம்மா" என்றான் ஜூலியன்.

பூசைக்கு வருகிற சனத்துக்கு இவரைச் சம்பந்தி என்று எந்த வாயால் சொல்வேன் என்று யோசித்தேன். ஆனால் மனுசி பாடத் தொடங்கியதும் அந்த யோசனை கொஞ்சம் விலகியது. சாட்டையை ஒரு சுழற்றுச் சுழற்றினார், அது குதிரையில் போவதாம். சனம் நடுவிலேயே "ஹாவ்" என்று கத்தியது. பிடித்தால் அப்படிச் சொல்லலாமாம்.

அப்போது கறுப்புச் சட்டைக்காரர் இருவர் சர்வ சாதாரணமாக மேடைக்கு வந்து கதிரையை நகர்த்தி வைத்துவிட்டுப் போனார்கள். தளபதி பாடிக்கொண்டே இருந்தார்.

"உவை ஆர் தம்பி?" என்று யோன் ஜூலியனிடம் கேட்டார், ஆரெலி பிரெஞ்சில் சொன்னாள்.

"மேடை வேலையாட்கள். அவர்களை நாங்கள் பார்க்கக் கூடாது. அங்கே இல்லை என்று வைத்துக்கொள்ள வேண்டும்."

"அப்ப இடையிலை ஏறலாம்" என்றார் யோன். அவர் அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை.

தளபதி போருக்குப் போகுமுன் தாயிடம் விடைபெறும் கட்டம். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினேன், யோனுடைய இருக்கை காலியாகக் கிடந்தது.

மனுசன் மேடைப் படியில் நின்றார். கோட்டைத் திறந்து, வயிற்றில் சுற்றியிருந்த மஞ்சள் பொன்னாடையை உருவி உருவி எடுத்தார். மானம் கப்பலேறும் என்பார்கள், என்னுடையது பிளேனிலேயே ஏறியது. தோளில் போர்த்தப் பார்த்தார், கொடிகள் விடவில்லை. பின்னால் சுற்றிப் போனார், இறகு மூக்குக்கண்ணாடியைத் தட்டியது. கடைசியில் நாலு கொடிக்கும் மேலாக எறிந்துவிட்டுக் கைகூப்பினார். மதில்மேல் காயப்போட்ட சீலைமாதிரி அது தொங்கியது.

"முடிஞ்சுது" என்றாள் ஆரெலி.

பாட்டு நின்றது. தாளக்காரர் கோலைத் தூக்கியபடியே இருந்தார். மதாம் பான் அந்தத் துணியைப் பார்த்தார், யோனைப் பார்த்தார். பிறகு மெல்ல மண்டியிட்டு, பொன்னாடையை இரண்டு கையாலும் இழுத்தெடுத்து, நெற்றியில் ஒற்றி, உச்சக் குரலில் ஒரு வரி பாடினார். தியேட்டரே "ஹாவ்" என்று அதிர்ந்தது. ஜூலியன் இருக்கையில் ஏறி நின்று கத்தினான்.

"என்னடா நடந்தது?" என்று அவனை உலுக்கினேன்.

"மஞ்சள் அரசருடைய நிறம். பேரரசர் தளபதிக்கு ஆடை அனுப்பியிருக்கிறார் என்று பாடிவிட்டார். உங்கள் கணவர் அரண்மனைத் தூதர்."

தூதர் ஒலிவாங்கியைத் தேடிக்கொண்டிருந்தார். கறுப்புச் சட்டைக்காரர் ஒருவர் முழங்கையில் பிடித்து அவரை இறக்கினார். சபையும் அவரைப் பார்க்காததுபோலவே இருந்துகொண்டது.

முடிந்தபின் மன்னிப்புக் கேட்க ஒப்பனை அறைக்குப் போனேன். மதாம் பான் பஞ்சால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பாதி முகத்தில் தளபதி, மற்றப் பாதியில் என் வயதுப் பெண், நன்றாகக் களைத்தவர். நான் வாயைத் திறக்குமுன் அவர் சீனத்தில் பேசத் தொடங்கினார். ஜூலியன் மொழிபெயர்த்தான்.

"அம்மாவின் மூத்த மகனுக்கு, அதாவது என் அண்ணனுக்கு, கலியாணம் பேசிய பெண்ணின் வீட்டாரும் இப்படித்தான் நாடகம் பார்க்க வந்தார்களாம். கூத்தாடியோடு சம்பந்தம் வேண்டாம் என்று பாதியில் எழுந்து போனார்களாம். எனக்கே இது இதுவரை தெரியாது. அதனால்தான் அம்மா இந்த முறை முதலில் பார்க்கட்டும் என்றாராம். பாடும்போதெல்லாம் உங்கள் வரிசையையே பார்த்தாராம். ஒருவர் எழுந்ததும், இவர்களும் போகிறார்கள் என்று நினைத்தாராம். ஆனால் அவர் வாசலுக்குப் போகவில்லை. மேடைக்கு வந்தார்."

பின்னால் யோன் கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, மாமியிட்டைக் கேள்" என்றேன் ஆரெலியிடம். "கலியாணத்துக்கு, எங்கடை கோயில் சனம் முழுக்க இருக்கேக்கை, உந்தப் பூச்சோடையும் கொடியளோடையும் வந்து பாடுவாவோ எண்டு கேள்."

ஆரெலி பிரெஞ்சில் சொல்ல, ஜூலியன் சீனத்தில் சொன்னான். மதாம் பான் பஞ்சைக் கீழே வைத்தார். துடைத்த பாதியும் துடைக்காத பாதியும் நனைய நனைய அழுதுகொண்டே, ஓம் ஓம் என்று தலையாட்டினார்.