ஒவ்வாமை: இல்லை

பொத்தான் பச்சையிலிருந்து நீலமானதா, நீலத்திலிருந்து பச்சையானதா, எனக்குச் சரியாக நினைவில்லை. செய்தவளே இரண்டு விதமாகவும் சொல்லியிருக்கிறாள். அற்பமான மாற்றம் என்பது மட்டும் நிச்சயம்.

வேலையை விட்டுவிட்டு ஐந்து மாதமாக வெப்சைட் கட்டக் கற்றுக்கொண்டிருந்தாள் அவள். கண்ணுக்குத் தெரியும் பக்கம், பின்னால் ஓடும் நிரல், தகவல் சேமிப்பு, சர்வரில் ஏற்றுவது எல்லாம் தானே செய்யவேண்டும் என்று பிடிவாதம். முதலில் கட்டியது அக்கா நடத்தும் குழந்தைகள் காப்பகத்துக்கு. இருபத்தோரு பெயர்கள், எதிரே, யாருக்கு எந்த உணவு ஆகாது என்ற குறிப்பு. சமையலறை டேப்லட்டில் அதைப் பார்த்துத்தான் சமையல்கார அம்மா தட்டு போடுவார்.

"வேலைக்கும் போகாம, இதுல சோறு கிடைக்குமாடி?" என்று அக்கா கேட்டாள்.

"உன் புள்ளைங்களுக்குச் சரியான சோறு கிடைக்கும்ல."

"வாய் மட்டும் குறைச்சலில்ல."

அந்த வியாழக்கிழமை பதினொன்றரை மணிக்குப் பொத்தானின் நிறத்தை மாற்றி ஏற்றினாள். பன்னிரண்டு மணிக்குத்தான் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். அழகாகத்தான் இருந்தது. மெல்லக் கீழே நகர்த்தினாள். எல்லாப் பெயருக்கும் எதிரே ஒரே சொல். இல்லை. இல்லை. இல்லை. சுருட்டை என்று எல்லோரும் கூப்பிடும் மூன்று வயதுப் பெண்ணுக்கு எதிரேயும். அவளுக்கு வேர்க்கடலை ஆகவே ஆகாது.

பெயர்கள் நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டவை. குறிப்புகளோ அக்கா தட்டித் தட்டிச் சேர்த்தவை; சர்வரில் ஒரு கோப்பில் கிடந்தன. புதிதாக ஏற்றும்போதெல்லாம் அந்த சர்வர் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கும். பாடத்தில் அந்த வரியை அவசரமாகத் தாண்டி வந்திருந்தாள். காலியாக இருந்தால் 'இல்லை' என்று காட்டச் சொன்னதும் அவளே. குறிப்பு இல்லை என்று நினைத்து எழுதினாள். படிப்பவருக்கோ, ஒவ்வாமை இல்லை.

அக்காவைக் கூப்பிட்டாள். போன் அடித்துக்கொண்டே இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் அது மேசை இழுப்பறைக்குள் கிடக்கும். இரண்டு தெரு தள்ளித்தான் காப்பகம். செருப்புப் போடாமல் ஓடினாள்.

"வாம்மா! இன்னிக்கு யாருக்கும் ஒண்ணும் கிடையாதாம். எல்லாத்துக்கும் ஒரே தட்டு, எனக்கு வேலை மிச்சம்!" என்று சமையல்கார அம்மா சிரித்தார்.

"சுருட்டைக்கு என்ன குடுத்தீங்க?"

"கடலை தூவின ரொட்டி. டாக்டர் பாத்துச் சரியாயிடுச்சுன்னு நெனச்சேன். அதுல போட்டிருக்கே..."

கூடத்தில் சுருட்டை உதட்டைச் சொறிந்துகொண்டிருந்தாள். கையில் பாதி ரொட்டி.

"அக்கா, கடலை!"

அக்கா ஒன்றும் கேட்கவில்லை. ஒவ்வாமைக்கென்று அலமாரியில் வைத்திருந்த ஊசியை எடுத்துக் குழந்தையின் தொடையில் அழுத்தினாள். மடியில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். தங்கை ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். மற்ற குழந்தைகள் மெல்லுவதை நிறுத்திவிட்டார்கள். அந்த அமைதியில் சுருட்டையின் மூச்சு மட்டும் விசில் போலக் கேட்டது. ஒவ்வொரு மூச்சுக்கும் பிறகு அடுத்தது வருமா என்று தங்கை காத்திருந்தாள்.

வந்துகொண்டிருந்தது.

சுருட்டை இரண்டு நாளில் வீடு திரும்பினாள். அவள் அம்மா வேறு காப்பகத்தில் சேர்த்துவிட்டார். சமையல்கார அம்மா அந்த மாதமே வேலையை விட்டார். தங்கை இப்போது ஒரு கம்பெனியில் வெப்சைட் கட்டுகிறாள். அக்கா காப்பகத்தை நடத்துகிறாள். அன்று என்ன ஆயிற்று என்று அவள் இன்றுவரை தங்கையிடம் கேட்டதில்லை.